நேசக்குமார் சாரும் சிக்கிய பிஸ்டனும்

வியாழக்கிழமை காலையோடு மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. டிராக்டரின் மூன்று சிலிண்டருக்குள்ளும் ஊற்றியதில் டின் காலி. நேசக்குமார் சார் அடுப்படிக்குள் நுழைந்து, மீன் பொரிக்க வைத்திருந்த தேங்காயெண்ணெயைத் தூக்கினார்.

"அதையாவது விட்டு வையுங்களேன்," என்றாள் மனைவி கிருபை.

"எண்ணெய்னா எண்ணெய்தான். உராய்வக் குறைக்கும்."

"மூணு நாளா ஊத்துதீங்க. குறைஞ்சதா?"

"ஊறணும்லா?"

சார் முப்பத்தோரு வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். நாலு ஸ்ட்ரோக் என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவார். கரும்பலகையில் அது ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. கொட்டகையில் நிற்கிற இந்த என்ஜினுக்குத்தான் அவருடைய படிப்பின்மேல் கொஞ்சமும் மரியாதை இல்லை.

அவசரத்துக்குக் காரணம் அவரே. அண்ணன் ஜெபசிங் இறந்து வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம். அன்றைக்கு அண்ணனுடைய டிராக்டரை அண்ணி ஈவாஞ்சலினிடம் ஒப்படைக்கப் போவதாகச் சாயர்புரம் சபையில் அறிவிப்பு வாசிக்க வைத்துவிட்டார். குருவானவர் வீட்டுக்கே வந்து ஜெபம் பண்ணுவதாக ஏற்பாடு. "ஓடும் நிலையில்" என்ற இரண்டு வார்த்தையையும் அறிவிப்பில் அவரேதான் எழுதிக் கொடுத்தார். வாத்தியார் அல்லவா, எதையும் தெளிவாக எழுதிப் பழக்கம்.

அண்ணனுடைய டிராக்டர் என்று சொன்னாலும் ஆர்.சி. புத்தகம் சார் பேரில்தான். லோன் வாங்கச் சம்பளச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள், சம்பளம் அவருக்குத்தான் இருந்தது. ஓட்டியது, உழுதது, கழற்றி மாட்டியது எல்லாம் ஜெபசிங். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆத்தூரில் மனைவி வழி நிலத்தில் வாழை வைக்கப் போகிறேன், வண்டியைக் கொண்டுபோகிறேன் என்று அண்ணன் சொன்னபோது, "புத்தகம் என் பேர்லதான இருக்கு" என்று தம்பி கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. ஜெபசிங் கொட்டகைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டினார். மறுநாள் குடும்பத்தோடு ஆத்தூருக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து மழை விழுந்ததும் சார் சாவியைத் திருப்பினார். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கிவிட்டது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். இந்தக் கரையோரத்தில் கதவு திறக்காவிட்டாலும், குடை விரியாவிட்டாலும், தையல் மிஷின் ஓடாவிட்டாலும் குற்றவாளி உப்புக்காற்று ஒன்றுதான். வேறு யாரையும் இங்கே சந்தேகப்படுவது வழக்கமில்லை. சாரும் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

தேங்காயெண்ணெய் பலிக்கவில்லை. கொட்டகை முழுக்கப் பலகார வாசனை வந்ததுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை, தூத்துக்குடியில் மீன்பிடிப் படகு என்ஜின் பழுது பார்க்கிற பெவினை வரவழைத்தார். பெவின் டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றினார், முகர்ந்து பார்த்தார்.

"உப்புக்காத்து, சார்."

"அது தெரியும். என்ன செய்யலாம்?"

"இழுக்கணும். கியர்ல போட்டு இன்னொரு வண்டிய வச்சு இழுத்தா வீல் சுத்தும். வீல் சுத்துனா என்ஜின் சுத்தித்தான ஆவணும்?"

இயற்பியல்படி அது சரிதான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. பெவின் படகில் கட்டுகிற நைலான் கயிற்றை மாட்டினார். சார் சீட்டில் ஏறி மூன்றாவது கியரைப் போட்டுக் கையை அசைத்தார்.

வண்டி நகர்ந்தது. வீல் சுற்றவில்லை. இரண்டு பெரிய சக்கரமும் சுற்ற மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு மண்ணை வாரியபடி வழுக்கின. "நிறுத்தும்" என்று சார் கத்தியது முன்வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. பின்சக்கரம் கொட்டகைத் தூணை இழுத்துக்கொண்டு வந்தது. தூண் வந்தபின் கூரை மட்டும் தனியாக நின்று என்ன செய்யும், அதுவும் வந்தது. ஒரு கல்நார் ஓடு நேராக ரேடியேட்டரில் இறங்கியது.

கிருபை வாசலில் நின்று பார்த்தாள். "இப்ப ஓடுமா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார்கள். மூன்று பிஸ்டனின் தலையும் எண்ணெயில் குளித்துப் பளபளவென்று இருந்தன.

"துருவக் காணுமே," என்றார் சார்.

"உள்ள ரிங்ல இருக்கும். வெளிய தெரியாது," என்றார் பெவின்.

கருவேலங்கட்டை ஒன்றைப் பிஸ்டன்மேல் வைத்துச் சம்மட்டியால் தட்ட வேண்டும் என்றும், மெதுவாகத் தட்ட வேண்டும் என்றும் பெவின் சொன்னார். நூறு தட்டுத் தட்டியும் ஒரு நூல்கூட இறங்கவில்லை. கை ஓய்ந்து பெவின் காப்பி குடிக்கப் போனார். சார் கட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கிருபை வந்து நின்றாள்.

"ஒங்க அண்ணன் இருந்தப்பவே ஒரு போன் போட்டிருக்கலாம். நான் எத்தன மட்டம் சொன்னேன்."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போடச் சொல்லுத? புத்தகம் என் பேர்ல இருக்குன்னவன், ஓட மாட்டேங்கு வந்து பாருன்னு எப்பிடிக் கூப்பிடுவான்?"

"கூப்பிட்டா வந்திருப்பாவ."

வந்திருப்பார். அது சாருக்குத் தெரியும். ஆத்தூர் என்ன அக்கரைச் சீமையா? ஒவ்வொரு மழைக்கும் போனை எடுப்பார், அண்ணன் பேரைப் பார்ப்பார், அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவார். போன வருஷம் ஆத்தூரிலிருந்து போன் வந்தபோது பேசியது அண்ணன் இல்லை. அடக்க ஆராதனையில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, அண்ணியின் முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்குவதில்லை. இந்த டிராக்டர் ஒரே ஒரு தடவை ஓடிவிட்டால் போதும், அண்ணனிடம் மன்னிப்புக் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

எழுந்து சம்மட்டியை எடுத்தார். மெதுவாகத் தட்ட வேண்டும் என்பது மறந்துபோயிற்று. நாலாவது அடியில் கட்டை பிளந்தது. ஐந்தாவது அடி நேரே பிஸ்டனில் விழுந்தது. பெவின் காப்பி டம்ளரோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார். பிஸ்டன் இரண்டாக உடைந்திருந்தது. சிலிண்டர் லைனரிலும் மேலிருந்து கீழாக ஒரு கீறல்.

"இனி பழைய இரும்புக்குத்தான், சார்," என்றார் மெல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து குருவானவர் வேதாகமத்தோடு வந்தார். சபையில் பாதி கூடவே வந்தது. இடிந்த கொட்டகையையும் குடல் சரிந்து கிடந்த டிராக்டரையும் பார்த்துவிட்டு, எந்த ஜெபத்தைச் சொல்வது என்று தெரியாமல் அவர் பக்கங்களைப் புரட்டினார்.

ஈவாஞ்சலின் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தாள். சார் அவள் முன்னால் போய் நின்றார். எழுதி மனப்பாடம் பண்ணியிருந்த நாலு வரியில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"மைனி, நான் ஒடச்சிட்டேன்," என்றார். "ஓட வச்சுத் தரணும்னுதான் நெனச்சேன். சிக்குன பிஸ்டன எடுக்கப் போயி, எல்லாத்தையும் ஒடச்சிட்டேன். அண்ணன்கிட்டயும் கேக்கல. உங்ககிட்டயும் கேக்கல."

ஈவாஞ்சலின் டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து என்ஜினுக்குப் பின்பக்கம், ஸ்டார்ட்டர் இருக்கும் இடத்தில் விரல்விட்டுத் தடவினாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

"ஓடுற வண்டின்னு அறிவிப்புல வாசிச்சதாச் சொன்னாவ. அப்ப நீங்களே கண்டுபிடிச்சி எடுத்துட்டியன்னுல்லா நெனச்சேன்."

"என்னத்த மைனி?"

"பிஸ்டன் சிக்கவே இல்ல தம்பி," என்றாள் ஈவாஞ்சலின். "வீட்ட விட்டு வாறதுக்கு முந்துன நாளு அவியதான் என்ஜின் சுத்தாதபடி பிளைவீல் பல்லுக்குள்ள ஒரு போல்ட்டச் சொருகிட்டு வந்தாவ, வண்டி ஓடலன்னா என் தம்பி என்னையத்தான கூப்பிடுவான்னு."