கரடிக்குட்டி வேண்டாம் என்று எழுதிய நாள்

பேரன்புக்குரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் இடது காது மட்டும், அவருக்குப் பிடிக்காத பேச்சு வரும்போது சற்றுச் சுகமில்லாமல் போகிறது. மற்ற நேரங்களில் பக்கத்து வீட்டில் பிஸ்கட் பாக்கெட் பிரிப்பதுகூட அதற்குக் கேட்கிறது. அங்கே நீயும் அத்தானும், கல்யாணப் பெண்ணாகிவிட்ட என் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி. முடித்ததும் உன் மேஜை டிராயரைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்.

போன மாதம் நீ தொலைபேசியில் சொன்னதை மறந்திருக்க மாட்டாய். "பொண்ணு கல்யாணத்துக்கு அவ தாத்தாவுக்கும் கார்டு எழுதியாச்சுடா. ஆனா அது டிராயர்லதான் இருக்கு. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி என் கல்யாணத்தன்னைக்கு அந்த மனுஷன் எங்க இருந்தார்னு எழுத்துல ஆதாரம் கொண்டா. கொண்டு வந்தா கார்டு போகும். இல்லைன்னா டிராயர்லயே கிடக்கும்" என்றாய். அந்த நாள் எனக்கும் மறக்கவில்லை. பதிவாளர் அலுவலகத்தில் மூன்று மணிக்கு இருந்த உன் கல்யாணத்தை, அப்பா வரட்டும் வரட்டும் என்று நாலரை வரை நீ தள்ளிப்போட்டாய். முதல் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். அப்பாவுக்கென்று விட்டிருந்த இரண்டாவது இடத்தில் கடைசியில் அத்தானின் சினேகிதரான சைக்கிள் கடைக்காரர் கிரீஸ் கையோடு போட்டார். எல்லாம் முடிந்து, அத்தானின் ஸ்கூட்டர் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தபோது, ஐந்து ஐம்பதுக்கு அப்பா மூச்சிரைக்க வந்து படியேறினார். "ஜனாதிபதி விடலைம்மா" என்றார். ஜனாதிபதி மாளிகையில் தட்டச்சராக இருந்தவர் சொல்லக்கூடிய நியாயமான காரணம்தான். ஆனால் மறுநாள் செய்தித்தாளில், முந்தின நாள் பிற்பகல் ஜனாதிபதி எங்கேயோ இருநூறு மைல் தள்ளி ஒரு பாலத்தைத் திறந்து வைத்தார் என்று செய்தி வந்தது. நீ அதைக் கத்தரித்து பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தாய். உன் காதல் கல்யாணத்துக்கு "பார்க்கலாம்" என்பதைத் தவிர அதுவரை எதுவுமே சொல்லாத அப்பா, பிடிக்காமல்தான் வரவில்லை, வராததற்குப் பொய்யும் சொன்னார் என்று முடிவு கட்டினாய். அன்றிலிருந்து அப்பாவிடம் நீ பேசுவதெல்லாம் என் வழியாகத்தான். ஒரே அறையில் இருந்துகொண்டு "அவரை மருந்து சாப்பிடச் சொல்லுடா" என்பாய். அவரும் "சாப்பிட்டாச்சுன்னு சொல்லுடா" என்பார். நடுவில் நான் ஒரு தபால் பெட்டி மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்பேன்.

ஆகவே, அக்கா, அந்த ஒரு நாளை ஜனாதிபதியின் பக்கத்திலிருந்து நிமிஷம் நிமிஷமாகக் கட்டி எழுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். மாளிகைக் காகிதங்களை இருபத்தைந்து வருஷம் கழித்து அரசு ஆவணக் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு மாத இதழின் கடைசிப் பக்கத்தில் நகைச்சுவை எழுதி, பத்திரிகையைப் பின்பக்கமாகப் புரட்டும் வாசகர்களின் தயவில் காலம் தள்ளுகிற எனக்கு ஆராய்ச்சி எதற்கு என்று நீ கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். "நம்ம வீட்டு மின்சார பில்லை நாலு நாளா தேடுறீங்க. நீங்க ஜனாதிபதியைத் தேடப் போறீங்களா?" என்றாள். ஜனாதிபதியைத் தேடுவது சுலபம் என்று அவளுக்குப் புரியவில்லை. நம் வீட்டில் காகிதம் வைத்த இடத்தைக் குறித்து வைக்க யாரும் இல்லை. அவருக்கு அதற்கென்றே பதினாறு பேர் இருந்தார்கள்.

காப்பகத்தில் ஒரு அம்மாள் இருக்கிறார். வாசிப்பறைக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது என்பதால் எல்லோருடைய சட்டைப்பையிலிருந்தும் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஒரு குட்டைப் பென்சிலைக் கையில் கொடுப்பார். அதனால் பென்சிலம்மா என்று பெயர் வைத்தேன். முதல் இரண்டு நாட்கள் நான் படித்ததில் மலைத்துப்போனேன். ஜனாதிபதி காலையில் பல் பிடுங்கிக்கொள்கிறார், மத்தியானம் தூங்குகிறார், சாயங்காலம் மாளிகைத் தோட்டத்தில் ரோஜாச் செடி வெட்டுகிறார். அப்பாவை நிறுத்தி வைக்கவே இல்லை. நொந்துபோய் உட்கார்ந்திருந்தவனிடம் பென்சிலம்மா வந்து, "சார், நீங்க சீட்டுல எழுதின வருஷத்துல ஜனாதிபதியே வேற ஆளு. இவர் போய் அடுத்தவர் வந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் நீங்க சொல்ற பாலமே கட்டி முடிச்சாங்க" என்றார். உன் கல்யாண வருஷத்தை நான் தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் உன்னிடம் சொல்லக் கூடாது என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன். ஆராய்ச்சியாளன் எதையும் மறைக்கக் கூடாது.

மூன்றாம் நாள் சரியான காகிதக் கட்டு வந்தது. முதலில் அன்றைய நிகழ்ச்சி நிரல். காலை ஒன்பது நாற்பது, ஹெலிகாப்டரில் புறப்பாடு. பிற்பகல் இரண்டு, பாலம் திறப்பு. உன் செய்தித்தாள் சொன்னபடியே இருந்தது. தாளை மேலிருந்து இன்னொரு முறை படித்தேன். பிறகுதான் கவனித்தேன், அது முந்தின நாளே அடித்து நிருபர்களுக்குக் கொடுத்த தாள். நடக்கப்போவதைச் சொல்கிற தாளே தவிர நடந்ததைச் சொல்கிற தாள் இல்லை. அந்த மாளிகையில் எந்தத் தாளாக இருந்தாலும் கீழே இடது மூலையில் அடித்தவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு இருக்கும். இதில் இருந்தது யாருடையது என்கிறாய்? நம் அப்பாவுடையது! அவரைப் பொய்யராக்கிய செய்தியை முந்தின நாள் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தவரே அவர்தான். அடுத்து வாசல் பதிவேட்டைக் கேட்டேன். உள்ளே வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு வண்டியையும் எழுதுகிற புத்தகம் அது. பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஜனாதிபதியின் வண்டி திரும்பி உள்ளே வருகிறது! பக்கத்தில் காவலர் எழுதியிருக்கிறார்: "மேகம் காரணமாக ஹெலிகாப்டர் பாதியில் திரும்பியது." பாலத்தை ஒரு மந்திரி திறந்திருக்கிறார். நிருபர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் நிரலைப் பார்த்தே செய்தி எழுதியிருக்கிறார். நான் எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். பென்சிலம்மா வந்து, "சார், நீங்க எந்தப் பல்கலைக்கழகம்?" என்றார். "குடும்பப் பிரச்சினைம்மா" என்றேன். "அதானே பார்த்தேன், இவ்வளவு கவனமா இங்க யாரும் படிக்கிறதில்லையே" என்று சொல்லிவிட்டு, அன்று முதல் ஒரு நாளைக்கு மூன்று கட்டு என்ற விதியை எனக்காக நாலாக்கினார்.

அதற்கப்புறம் என் நடையே மாறிவிட்டது, அக்கா. சமையலறைக் குறிப்பேடு: ஒன்று நாற்பத்தைந்துக்கு ஜனாதிபதிக்கு அரைக் கிண்ணம் சூப், இரண்டு ரொட்டித் துண்டு, "உப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினார், டாக்டர் உத்தரவு என்றதும் சாப்பிட்டார்." தொலைபேசிக் குறிப்பேடு: இரண்டு ஐந்துக்கு வெளியுறவுச் செயலாளர். பக்கத்து நாட்டு ஜனாதிபதி ஒரு கரடிக்குட்டியை அன்பளிப்பாக அனுப்பப்போகிறார், இன்று மாலைக்குள் பதில் வேண்டும். இரண்டு இருபதுக்கு முதல் வரைவு. ஆம், அக்கா. உன் கல்யாண நேரத்தில் இந்த தேசத்தின் தலைவர், கரடிக்குட்டி வேண்டாம் என்பதை மனம் கோணாமல் சொல்வது எப்படி என்று பதினோரு வரைவு போட்டிருக்கிறார். ஒவ்வொன்றின் தலையிலும் செயலாளர் பென்சிலால் நேரம் குறித்திருக்கிறார். முதல் வரைவில் "குட்டியின் அழகு எங்களை நெகிழ வைத்தது" என்று இருக்கிறது. ஓரத்தில் ஜனாதிபதியே கிறுக்கியிருக்கிறார்: "நெகிழ்ந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இதை நீக்கு." நாலாவதில் தட்பவெப்பம் ஒத்துவராது என்கிறார். உடனே ஓரத்தில், "அங்கேயும் இதே தட்பவெப்பம்தான்." எட்டாவதில் "என் மனைவி கரடி என்றால் பயப்படுவார்" என்று போட்டிருக்கிறார். அதற்குக் கீழே பச்சை மையில் வேறொரு கையெழுத்து: "யார் சொன்னது?" பதினொன்றாவது, ஐந்து இருபத்தைந்து. இரண்டே வரி. "தங்கள் அன்புக்கு நன்றி. குட்டி அதன் தாயோடு இருப்பதே அதற்கு நல்லது." பதினோரு தாளிலும் இடது மூலையில் அப்பாவின் இரண்டு எழுத்து!

இனி என்ன வேண்டும்? ஐந்து இருபத்தைந்துக்கு வேலை முடிகிறது. மாளிகையிலிருந்து உன் பதிவாளர் அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாக இருபத்தைந்து நிமிஷம். நேற்று நானே ஓடிப் பார்த்தேன். எனக்கு நாற்பது ஆனது, ஆனால் அப்பாவுக்கு அன்று என் தொப்பை கிடையாது. ஐந்து ஐம்பதுக்கு அப்பா படியில். கணக்கு நூலில் கோர்த்த மாதிரி நிற்கிறது. ஜனாதிபதி விடவில்லை, அக்கா! கரடி விடவில்லை! நகல்கள் எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் காப்பக முத்திரை இருக்கிறது. செய்தித்தாள் துணுக்கைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துவிட்டு இதைப் போட்டு வை. டிராயரைத் திற. கார்டை எடு. தபாலில் சேர்.

அத்தானுக்கு என் வணக்கம். அந்த ஸ்கூட்டரை இப்போதாவது விற்றுவிடச் சொல். மருமகளும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒருவர் பேச்சை ஒருவர் நேருக்கு நேர் கேட்டுக்கொண்டு, நடுவில் தபால் பெட்டி வைக்காமல் வாழ வேண்டும் என்று மாமன் ஆசீர்வதித்ததாகச் சொல்.

உன் அறிவாளித் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், அப்பாவிடம் வெற்றியைக் காட்டிவிட்டு வரலாமே என்று நகல்களோடு அவர் அறைக்குப் போனேன். பூதக்கண்ணாடியை வைத்து பதினோரு வரைவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது நான் அடிச்சதில்லையே" என்றார். "உங்க எழுத்து மூலையில இருக்கேப்பா?" "எழுத்து இருக்கு. நான் தேதிக்கப்புறம் ரெண்டு வரி விடுவேன். இதுல ஒரு வரிதான் விட்டிருக்கு. இது பக்கத்து மேஜைக்காரர் அடிச்சது. அன்னைக்கு லீவு கேட்டேன், கொடுக்கலை. அவர்தான், நீ போய்யா, உன் எழுத்தைப் போட்டு நான் அடிச்சுக்கிறேன், நீ சீட்டுல இருந்த மாதிரியே இருக்கும்னு அனுப்பி வெச்சார். நான் வாசல்ல வெளிய வர்றேன், ஜனாதிபதி வண்டி உள்ள போகுது." வாசல் பதிவேட்டில் நடந்து போகிறவர்களை எழுதுவதில்லை, அக்கா.

"அப்போ பன்னிரண்டரைலேருந்து ஆறு மணி வரைக்கும் எங்கப்பா இருந்தீங்க?" என்றேன். இடது காது கேட்கவில்லை. வலது பக்கம் போய்க் கேட்டேன். இருபது வருஷமாகப் பதிவாளருக்குப் போகிற ஒவ்வொரு உறையிலும் 'தலைமை அலுவலகம்' என்று அடித்தவர் அவர். கால்கள் நேராகத் தலைமை அலுவலகத்துக்கே போய்விட்டன. உன் கல்யாணம் கிளை அலுவலகத்தில். இவர் தலைமை அலுவலகத்துப் பெஞ்சில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நீ எதற்கும் தாமதமாகத்தான் வருவாய் என்று உட்கார்ந்திருக்கிறார். விசாரிக்கவில்லை. முகவரி விசாரிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மூன்றே முக்காலுக்கு யாரோ ஒரு பெண் அழுதுகொண்டு வந்து, எங்கள் சாட்சி வரவில்லை, நீங்கள் போடுவீர்களா என்று கேட்டிருக்கிறாள். போட்டிருக்கிறார். ஐந்து மணிக்குக் கதவைச் சாத்த வந்த குமாஸ்தா, கிளை அலுவலகமாக இருக்கும் என்று சொல்லித்தான் தெரிந்து, ஓடி வந்திருக்கிறார். "அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேப்பா!" "முகவரி அடிச்சே பொழைக்கிறவன் முகவரி தப்பிப் போனேன்னு எப்படிடா சொல்றது? ஜனாதிபதி மேல போட்டா யாரும் போய்க் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். இப்படி ஒரு பிள்ளையைப் பெத்திருக்கேன்னு அப்போ தெரியலை."

மூன்று வாரம் காப்பகத்தில் உட்கார்ந்தவனுக்கு வாய்ப்பேச்சில் நம்பிக்கை போய்விடுகிறது. பென்சிலம்மாவை ஒரு போன் போடச் சொல்லி, இன்று காலை தலைமை அலுவலகத்துக்குப் போய் அந்த நாளின் திருமணப் பதிவேட்டைப் பார்த்தேன். யாரென்றே தெரியாத இருவருக்குக் கல்யாணம். இரண்டாம் சாட்சி, நம் அப்பா. 'மணமகளுக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில், அழகாக, நிறுத்தி, 'தகப்பனார்' என்று எழுதியிருக்கிறார். பிறகு அதை ஒரே கோடாக அடித்து, மேலே 'உறவில்லை' என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் முறைப்படி தன் இரண்டு எழுத்தையும் போட்டிருக்கிறார். காலையிலிருந்து அந்த ஒரு வார்த்தையைத்தான் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார் போலிருக்கிறது.

ஆகவே மேலே நான் எழுதியது முழுவதும் தப்பு. ஜனாதிபதி, சூப், கரடி, எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிடு. இந்தப் பதிவேட்டின் நகல் மட்டும் போதும். நீ எழுத்தில்தானே கேட்டாய்.

கார்டை அனுப்பும்போது மருமகள் கல்யாணம் நடக்கிற பதிவாளர் அலுவலக முகவரியைக் கொட்டை எழுத்தில், அடியில் கோடு போட்டு எழுது. அப்படியும் நானே கையைப் பிடித்து அழைத்துவருகிறேன்.