சும்மா வந்த நாய்க்கு நானூத்தம்பது ரூவா

போன வாரம் எனக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. நாய்க்குத் தெள்ளுப்பூச்சி மருந்து வாங்கிட்டு வரணும். அவ்வளவுதான்.

நாய் பேரு பூரி. குட்டியா பஸ் ஸ்டாப்புல கிடந்தப்போ வயிறு மட்டும் உப்பி, மத்ததெல்லாம் தட்டையா இருந்தான். பேரு தானா வந்துடுச்சு.

தெள்ளுப்பூச்சியைப் பார்த்ததே இல்லைங்கிற புண்ணியவான்களுக்கு: எள்ளுக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கும். பிடிக்கப் போனா குதிச்சிடும். நாய் மேல இருக்கிற வரைக்கும் அது நாயோட பிரச்சனை. அப்பா கணுக்கால்ல ஏறின அன்னைக்குக் குடும்பப் பிரச்சனை ஆயிடுச்சு.

அப்பாவுக்குக் கரிக்கலாம்பாக்கத்துல மோட்டார் காயில் கட்டுற கடை. கம்பியை ஒவ்வொரு சுத்தா எண்ணிக்கிட்டே சுத்தணும். நடுவுல எண்ணிக்கை தப்புச்சுன்னா பிரிச்சிட்டு மறுபடியும் முதல்லேர்ந்து. பூரி தினமும் கடைக்குப் போய் அவர் நாற்காலிக்கு அடியிலதான் படுப்பான்.

அன்னைக்கும் படுத்திருந்தான். அப்பா எண்ணிக்கிட்டு இருந்தாரு. அவர் குரல்லயே சொல்றேன், தொண்டையில கொஞ்சம் மணல் போட்டுக்குங்க: "நூத்தி எழுவத்தி நாலு… எழுவத்தி அஞ்சு… ஸ்ஸ்… இன்னாடா இது…"

குனிஞ்சு சொறிஞ்சாரு. நிமிர்ந்து பார்த்தா கம்பி இருக்கு, எண்ணிக்கை காணோம்.

சாயங்காலம் வூட்டுக்கு வந்து தீர்ப்பு சொன்னாரு. "ஞாயித்துக்கிழமை உங்க சித்தப்பா வருவான். இந்த நாயை மடுகரைக்கு அனுப்பி வுட்டுடு. அவன் கரும்புக் கொல்லைல கிடக்கட்டும்."

"மருந்து போட்டா பூச்சி போயிடும்பா."

"அப்போ ஞாயித்துக்கிழமைக்குள்ள பூச்சி போவணும். இல்லன்னா நாய் போவும்."

மறுநாளே வில்லியனூர்ல நாய் மருந்து விக்கிற கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் என் சுண்டு விரல் அளவுக்கு ஒரு ட்யூப்பை எடுத்து நீட்டினாரு. ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற மாதிரி பேசுவாரு. "கழுத்துக்குப் பின்பக்கம். முடியை விலக்கி. தோலின் மேல். ஒரு மாதம் வரும். ரெண்டு நாள் நனையக் கூடாது."

"எவ்ளோண்ணா?"

"நானூத்தம்பது."

"டப்பாவா?"

"ஒரு ட்யூப்."

அப்பாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் முணுமுணுன்னு ஒரு சத்தம். லைன்ல கோளாறோன்னு பார்த்தேன். இல்ல, கணக்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்காரு.

"ஏம்மா, நாயே சும்மாதான வந்துச்சு? சும்மா வந்த நாய்க்கு நானூத்தம்பது ரூவாயா?"

"ஒரு மாசத்துக்கு வரும்பா."

"அப்போ மாசா மாசமா? அது இன்னா நாயா, கேபிள் கனெக்‌ஷனா? அதை அங்கேயே வெச்சிட்டு வூடு வந்து சேரு."

வூட்ல அம்மா ஒரு யோசனை சொன்னாங்க. யோசனை சொல்லும்போது மட்டும் அம்மா குரல்ல தேன் ஒழுகும். "மாட்டாஸ்பத்திரியில மாட்டுக்கு உண்ணி மருந்து சும்மாவே ஊத்தித் தராங்கடி. பக்கத்து வூட்டுக் கஸ்தூரி வாங்கியாந்தா. பூச்சின்னா பூச்சிதான? மாட்டு மேல இருந்தா இன்னா, நாய் மேல இருந்தா இன்னா?"

எங்க வூட்ல சயின்ஸ் குரூப் எடுத்தவ நான் ஒருத்திதான். நானும் யோசிச்சுப் பார்த்து, கரெக்டுதான்னு தலையாட்டினேன்.

காலி பாட்டிலை எடுத்துக்கிட்டு மாட்டாஸ்பத்திரி ஜன்னல்ல நின்னேன். கம்பவுண்டர் பாட்டிலைப் பார்த்தாரு. எனக்குப் பின்னாடி பார்த்தாரு.

"மாடு எங்க?"

"வூட்ல இருக்குது சார்."

"டாக்டர் பார்க்காம ஒரு சொட்டு ஊத்த மாட்டேன். மாட்டை ஓட்டிக்கினு வா."

இதுல ஒரே ஒரு சிக்கல். எங்ககிட்ட மாடு கிடையாது.

கஸ்தூரி அக்காகிட்ட இருக்கு. பேரு ரோசா. எங்க தெருவுக்குப் பின்னாடி நெல்லு போட்ட நிலத்தையெல்லாம் பிளாட் போட்டுட்டாங்க இல்ல, அங்க பிளாட்டுக் கல்லுலதான் ரோசாவைக் கட்டியிருப்பாங்க. அக்கா நடவுக்குப் போயிருந்தாங்க. மத்தியானம்தான் வருவாங்க. அதுக்குள்ள ஓட்டிக்கிட்டுப் போய்க் காட்டிட்டு, திரும்பக் கொண்டாந்து கட்டிட்டா யாருக்குத் தெரியப் போவுது?

அவுத்தேன். இழுத்தேன். ரோசா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, டியூஷன் மிஸ் என் டெஸ்ட் பேப்பரைப் பார்க்குற பார்வை. ஒரு அடி நகரல.

அப்போதான் எனக்கு அடுத்தவங்க குரல்ல பேசுற என் திறமை ஞாபகம் வந்துச்சு. மூக்கை லேசா அடைச்சுக்கிட்டு, கஸ்தூரி அக்கா மாதிரியே ஆரம்பிச்சேன். "ஏ ரோசா… வாடி என் ராசாத்தி… அங்க இன்னாடி பார்வ, பெரிய மாமியா வூட்டுப் பார்வ…"

ரோசா காதை ஆட்டிச்சு. நடந்துச்சு.

எனக்கு வந்த பெருமை கொஞ்ச நஞ்சம் இல்ல. ஆனா பேச்சை நிறுத்தினா அதுவும் நின்னுடுது. மெயின் ரோடு பூரா கஸ்தூரி அக்காவாவே பேசிக்கிட்டுப் போவணும். அக்கா மாட்டுகிட்ட இன்னா பேசுவாங்கன்னு எங்க தெருவுக்கே தெரியும். தெருவைப் பத்தித்தான் பேசுவாங்க.

வேற வழி? பேசினேன்.

"கேட்டியா ரோசா, இந்த டீக்கடை பாய் பாலுக்குத் தண்ணி ஊத்துறாரா, தண்ணிக்குப் பால் ஊத்துறாரான்னே தெரியலடி…"

பாய் உள்ள பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தாரு. சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். கழுவுற சத்தம் நின்னுச்சு.

அடுத்தது அப்பா கடை. ரோசா அங்க வந்து நின்னுடுச்சு. கடைக்குள்ளேர்ந்து "நூத்தி முப்பத்தி ரெண்டு… முப்பத்தி மூணு…"ன்னு மணல் குரல் வருது. மாட்டுக்கு மறைவுல குனிஞ்சுக்கிட்டு, ரோசா எதுக்கு நகருமோ அதைச் சொன்னேன். "நடடி. இது காயில் கடை. இந்த அண்ணன் மாதிரி ஒரு கஞ்சனை நான் பார்த்ததே இல்ல. அவரு பொண்டாட்டி அரை லிட்டர் பால் வாங்கிட்டு முக்கால் லிட்டருக்குச் சண்ட போட்டுட்டு, இப்போ பாக்கெட் பாலுக்கு மாறிடுச்சு…"

"எம்மா கஸ்தூரி, எண்ணிக்கினு இருக்கேன், சத்தம் போடாம போம்மா," உள்ளேர்ந்து அப்பா. அப்புறம், "போச்சு."

ரோசாவை விட நான் வேகமா நடந்தேன்.

மாட்டாஸ்பத்திரியில டாக்டர் பொறுமையான ஆள். எதையாவது விளக்கிச் சொன்னா கடைசியில "புரியுதா" வரும். ரோசாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துடுச்சு.

"ரோசா இல்ல இது? போன கன்னு வயித்துக்குள்ள மாறி நின்னப்போ நான்தான் கையை விட்டு எடுத்தேன். கஸ்தூரி எங்க?"

இந்த ஊர்ல ஒரு மாட்டை இவ்வளவு நெருக்கமாத் தெரிஞ்சவர்கிட்டயா கொண்டாந்து நிறுத்தணும்?

"நான் அவங்க அக்கா பொண்ணு சார். மாட்டுக்குத் தெள்ளுப்பூச்சி."

"மாட்டுக்கு ஏதும்மா தெள்ளு? உண்ணியா இருக்கும்." காது, மடி, வால் அடின்னு எல்லாத்தையும் பார்த்தாரு. தடவிப் பார்த்தாரு. ஒண்ணும் இல்ல. கஸ்தூரி அக்கா மாட்டைக் குளிப்பாட்டுற மாதிரி எங்கம்மா என்னைக் குளிப்பாட்டினது இல்ல.

டாக்டர் நிமிர்ந்து என் காலைப் பார்த்தாரு. நான் ஒரு காலால இன்னொரு காலைச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தேன்.

"மாடு சொறியவே இல்லையே பாப்பா. வந்ததுலேர்ந்து நீதான் சொறியுற. வூட்ல நாய் இருக்குதா?"

மாட்டிக்கிட்டேன். எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

"மாட்டு மருந்தை நாய்க்கு ஊத்துனா நக்கிடும். நக்கினா வலிப்பு வரும். அப்புறம் அந்த நாயைத் தூக்கிக்கினு எங்கிட்ட ஓடி வரணும், புரியுதா? கழுத்துப் பின்னாடி வைக்கிற மருந்துக்கு நாய் நாக்கு எட்டாது. அதுக்குத்தான் அந்தக் காசு. நாய் மேல இருக்கிறது கொஞ்சம்தான், மீதி உங்க பாயில, சாக்குல, உங்கப்பா கடை மூலையில இருக்கும். அதையெல்லாம் துவைச்சு வெயில்ல போடு. ஒரு மாசம் போட்டுட்டு வுட்டா மறுபடியும் முதல்லேர்ந்து, புரியுதா?"

மறுபடியும் முதல்லேர்ந்து. இது எங்கப்பாவுக்கு நல்லாப் புரியும்.

அதே நேரத்துல ஊருக்குள்ள இன்னா நடந்துச்சுன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். கஸ்தூரி அக்கா சீக்கிரமே திரும்பிட்டாங்க. வந்து பார்த்தா பிளாட்டுக் கல்லு இருக்கு, மாடு இல்ல. அழுதுக்கிட்டே மெயின் ரோட்டுக்கு ஓடியிருக்காங்க.

பாய் கடுப்புல இருந்தாரு. "இப்பதானம்மா நீயே என் டீயைத் திட்டிக்கினே மாட்டை ஓட்டிக்கினு போன?"

"நான் எங்க பாய் போனேன்? நான் இப்பதான் வரேன்."

அப்பாவும் வெளியில வந்துட்டாரு. "பொய் சொல்லாத கஸ்தூரி. என்னைக் கஞ்சன்னு சொல்லிட்டுப் போனியே."

"அய்யய்யோ, அதை நான் மாட்டுகிட்ட மட்டும்தாண்ணே சொல்லியிருக்கேன்."

அப்பாவுக்குப் பொறி தட்டியிருக்கு. "இந்த ஊர்ல உன் குரல் ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. ஒண்ணு நீ." அம்மாவுக்குப் போன் போட்டாரு. அம்மா ஒரே நிமிஷத்துல என்னைக் காட்டிக் கொடுத்துட்டாங்க.

டாக்டர் கடைசி "புரியுதா"வைச் சொல்லும்போது, கஸ்தூரி அக்காவைப் பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டு அப்பாவோட பைக் உள்ள வந்துச்சு.

"வாங்க கஸ்தூரி," டாக்டர் சிரிச்சாரு. "உங்க அக்கா பொண்ணு இங்கதான் இருக்கா."

"எனக்கு அக்காவே கிடையாதே சார்." என் காதைப் பிடிச்சுத் திருகிட்டு, ரோசா பக்கம் திரும்பினாங்க. "வாடி என் ராசாத்தி."

ரோசா அக்காவைப் பார்த்துச்சு. என்னைப் பார்த்துச்சு. வந்து என் தோளை நக்கிச்சு. அந்த அவமானத்துக்கும் சேர்த்துத்தான் அக்கா விலை சொன்னாங்கன்னு நான் இன்னைக்கும் நம்புறேன்.

"வெயில்ல இவ்ளோ தூரம் நடந்திருக்கு. சாயங்காலம் பால் குறையும்ணே. ஒரு மாசத்துக்கு பாக்கெட் பாலை நிறுத்திட்டு எங்கிட்ட ஊத்திக்கோங்க, சரியாப் போயிடும்."

அப்பா உதடு அசைஞ்சுச்சு. அவர் கணக்குப் போடும்போது அப்படித்தான் அசையும். பால், பிரிச்சுப் போட்ட கம்பி, பைக்குக்கு பெட்ரோல். அசையறது நின்னதும் என்கிட்ட ஒரே வார்த்தைதான் கேட்டாரு.

"அந்த ட்யூப் எந்தக் கடை?"

அன்னைக்குச் சாயங்காலமே பூரி கழுத்துல மருந்து ஏறிச்சு. அப்பாவே வெச்சாரு. ட்யூப்பை மடிச்சு மடிச்சு, பேஸ்ட்டு தீர்ந்து போற அன்னைக்கு அமுக்குற மாதிரி அமுக்கினாரு. "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்பா."

"யாரும் அவனைத் தொடாதீங்க. நானூத்தம்பது ரூவா கையில ஒட்டிக்கும்."

மறுநாள் பொழுது சாயும்போது தூறல். பூரி வாசல்ல ஒண்ணுக்குப் போவணும்னு நின்னான். வெளிய எட்டிப் பார்க்குறேன், முருங்கை மரத்தடியில பூரி காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான், பக்கத்துல எங்கப்பா அவனுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அவர் தலை நனையுது. பூரி கழுத்து நனையல.

ஞாயித்துக்கிழமை சித்தப்பா கயிறோட வந்தாரு. பூச்சி போச்சா இல்லையான்னு நான் பூரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"நாய் ரெடியாண்ணே?" சித்தப்பா கேட்டாரு.

அப்பா முறைச்சாரு. "மருந்து போட்டு நாலு நாள்தாண்டா ஆவுது. ஒரு மாசம் வேலை செய்யுமாம். அதை உன் கொல்லையில வந்து வேலை செய்ய வுடச் சொல்றியா? முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்."

அது முடியாது. முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அடுத்த ட்யூப் வாங்கணும்னு அப்பா காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்காரு.

இப்போ வூட்ல பூச்சி இல்ல, எண்ணிக்கை தப்புறது இல்ல. ஒரே தொல்லை ரோசாதான். நான் தெருவுல வாயைத் திறந்தா வந்து நிக்குது. நேத்து அது அப்பாவோட லுங்கியைக் கொடியிலேயே மென்னுடுச்சு. அப்பா என்னைப் பார்த்துக் கத்தினாரு: "நாயை இல்லடி, உன்னைத்தான் மடுகரைக்கு அனுப்பணும்."

நான் அசரல. எனக்கு டியூஷன் ஃபீஸ் வருஷத்துக்கும் கட்டியாச்சு. அது முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.