மூச்சை அந்தப்பக்கம் விடச் சொன்ன நானூறு

காற்றைத் தன் சொந்தச் சொத்தாக நினைத்த ஒரே மனிதர் காங்கேயத்தில், நான் பாடம் நடத்தும் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தார். அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் நானூறு.

காரணம், பள்ளிக்கு வந்த ஒரேயொரு கேஸ் சென்சார். கைக்கு அடக்கமான குழாய், கணினிக்கு ஒரு ஒயர். காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று சொல்லும். வெளிக்காற்றில், பத்து லட்சம் பங்குக்கு ஏறக்குறைய நானூறு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நல்ல காற்றில் வைத்துப் பொத்தானை அழுத்தி, 'இதுதான் நானூறு' என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். விளக்கத் தாளில் இது இரண்டு வரி. நம் ஆள் அதை ஒரு விரதமாகவே ஆக்கிக்கொண்டார்.

பள்ளிக்குப் பின்னால் தேங்காய்க் களமும் எண்ணெய் மில்லும். அந்தக் காற்று அவருக்கு ஆகாது.

"இது காத்துங்களா சார்? பாதி எண்ணெய்ங்க."

வாரம் ஒருமுறை சென்சாரை மொபெட்டில் வைத்து, வெள்ளகோவில் ரோட்டில் இருக்கும் ஒரு மேய்ச்சல் காட்டுக்குக் கொண்டுபோவார். திரும்பி வந்து, "நானூறு வந்துருச்சுங்க" என்று பிள்ளை பாஸானதுபோல் அறிவிப்பார்.

அதை வகுப்புக்கு வாங்குவதுதான் கஷ்டம். ஒரு கல்வியாண்டில் பதினோரு முறை கேட்டேன். மூன்று முறை கொடுத்தார். தேதிகள் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. மழை பெய்தால், "ஈரம் ஆகாதுங்க." வெயிலடித்தால், "சூடு ஆகாதுங்க." ஒருநாள் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. "எட்டாங்கிளாசுல நாலு புள்ளைகளுக்குச் சளிங்க" என்றார்.

கொடுத்தாலும் நிம்மதி இல்லை. மேசைக்கு ஆறடி தள்ளி சாக்பீஸில் கோடு போட்டு, மாணவர்களை அதற்கப்பால் நிறுத்துவார். பாடம் நடத்தும் என்னையும் விடமாட்டார்.

"ஏனுங்க சார், மூச்ச அந்தப்பக்கம் உடுங்க."

ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துச் சுவாசத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

பன்னிரண்டாவது முறை கேட்கவில்லை. மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினேன்: கருவி உள்ளது, பயன்பாடு இல்லை. இரண்டே வாரத்தில் ஓர் அதிகாரி அம்மா வந்தார். கருவி சரியாக வேலை செய்தால் இங்கேயே இருக்கும், இல்லையென்றால் கோயம்புத்தூரில் வேறொரு பள்ளிக்குப் போகும் என்றார். நானூறின் முகத்தைப் பார்த்தபிறகுதான் நான் செய்த வேலை எனக்கு உறைத்தது.

முளைகட்டிய பச்சைப்பயறு பாட்டிலில் தயார். பயறு மூச்சு விடும், எண் ஏறும், அதுதான் சோதனை. முதலில் வகுப்பறைக் காற்றை அளந்தோம். நாற்பத்திரண்டு பேர் மூச்சு விடும் அறையில் எண் குறைந்தது எண்ணூறு இருக்க வேண்டும். திரையில் முந்நூற்றுப் பத்து.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "கெட்டுப்போச்சு. பேக் பண்ணிருங்க."

"கெட்டதெல்லாம் இல்லீங்க மேடம்" என்றார் நானூறு. அதுவரை எதையும் தன் தப்பென்று ஒத்துக்கொள்ளாத மனிதர் தரையைப் பார்த்தார். "தப்பு எம்மேலதானுங்க. காலைல காட்டுல பொத்தானை அமுத்தறப்ப ஒரு காளை பக்கத்துல வந்து மூச்சு உட்டுதுங்க. காளையோட மூச்சத்தான் நானூறுன்னு சொல்லிக்குடுத்துபோட்டேன். அதான் எல்லாத்தையும் கம்மியாக் காட்டுதுங்க."

"தொரத்தியிருக்கலாமே?"

"நல்ல காளைங்க மேடம். மனசு வரலீங்க."

அதிகாரி பேனாவை மூடவில்லை; ஆனால் எழுதவும் இல்லை. பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நானூறு மைதானத்துக்கு ஓடினார். நடுவில் நின்று, கையை நீட்டிச் சென்சாரைப் பிடித்துக்கொண்டு, எங்களை விரட்டினார்.

"எல்லாரும் இருபதடி தள்ளிப் போங்க. மேடம், நீங்களுந்தானுங்க. அந்தப்பக்கம் திரும்பி மூச்சு உடுங்க."

தலைமையாசிரியர், அதிகாரி, நான், நாற்பத்திரண்டு மாணவர்கள் எல்லோரும் எண்ணெய் மில்லைப் பார்த்து நின்றோம். அந்தக் காற்றையே அன்று அவர் ஏற்றுக்கொண்டார். நிலைமை அப்படி.

திரும்பி வந்து பாட்டிலில் செருகியபோது எண் ஒழுங்காக ஏறியது. எண்ணூறு, ஆயிரம், இரண்டாயிரம். அதிகாரி பேனாவை மூடினார். கருவி தங்கியது.

அன்று மாலை பெட்டியைப் பூட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "லெட்டர் எழுதுனது நீங்கதான்னு தெரியுமுங்க சார். ஆபீசுல காட்டுனாங்க. பேர் இல்லீங்க. ஆனா கோடு போடாத தாள்ல அத்தன நேரா வேற ஆரு எழுதுவாங்க?"

நான் பன்னிரண்டாவது முறையாகக் கேட்டேன்.

"நாளைக்கு மழை வரும்போலிருக்குதுங்க" என்றார்.

போன மாதம் ஓய்வு பெற்றார். சாவி என்னிடம் வந்தது. நேற்றுக் காலை, பள்ளி மைதானமே போதும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், சென்சாரை எடுத்துக்கொண்டு வெள்ளகோவில் ரோட்டுக்குப் போனேன். காளை ஏதும் இல்லையென்று பார்த்துக்கொண்டு கையை நீட்டிப் பிடித்தேன். சுற்றிலும் ஒருவரும் இல்லை. ஆனாலும் முகத்தைத் திருப்பி, மூச்சை அந்தப்பக்கம்தான் விட்டேன்.