ஊர் எழுதியதெல்லாம் என் பெயரில்

‘புதிய பதிப்பு தயார், மாற்றிக்கொள்ள இங்கே அழுத்தவும்’ என்று எங்கே கண்டாலும் என் கை சும்மா இருக்காது. அழுத்தினால் என்னதான் ஆகும் என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. இந்தப் புத்தியால் ஒருமுறை என் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

வண்டிப்பெரியார் பக்கம் எங்கள் எஸ்டேட் சபைக்கு ஒரு வெப்சைட் உண்டு. அதைக் கவனித்தவன் நான். (சபையில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவன் நான் ஒருவன்தான்; போட்டியின்றித் தேர்வானேன்.) கல்யாணம், ஞானஸ்நானம், மரண அறிவிப்பு எல்லாம் படத்தோடு வரும். கீழே கமெண்ட் போடப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் கிடையாது. “அதுக்கென்ன, எல்லாரும் என்னோடதையே போடுங்க” என்று என் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சபை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். அடுத்த வீட்டு மிளகாய்த்தூளைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிற ஊர் எங்களுடையது. மின்னஞ்சலையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கமெண்ட் பகுதிக்குப் புதிய பதிப்பு வந்தது. பழையவையும் கூடவே வந்துவிடும் என்றது. அழுத்தினேன். வந்தன. ஆனால் புதிய பதிப்புக்கு ஒரு கொள்கை: ஒரு மின்னஞ்சலுக்கு ஓர் ஆள்தான். நாலு வருஷமாக ஊரே எழுதிய அத்தனைக்கும் மேலே என் பெயர், பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்ட என் படம்! பழையதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேனா? (கேட்காதீர்கள்.)

பதறியிருக்க வேண்டும். நானோ இன்னும் என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று ஆவலாகப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு மரண அறிவிப்பின் கீழே, ‘அத்தான், முப்பது வருஷம் உங்க கைபிடிச்சு வாழ்ந்தேனே’ என்று கதறியிருந்தேன். ஒரு குழந்தை படத்தின் கீழே, ‘என் வயித்துல பொறந்த தங்கமே’ என்று கொஞ்சியிருந்தேன். ஒரு கல்யாணப் படத்தில், ‘ஐயா பிரசங்கம் ரொம்ப நீளம். பசி தாங்கல’ என்று வேறு.

போன் அடித்தது. சின்னக்கானலிலிருந்து ஸ்டெல்லாவின் அப்பா. அவளுக்கும் எனக்கும் அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்.

“தம்பி, ஒரு சம்சயம். கேட்டா கோவிச்சிக்கிடக் கூடாது.”

“சொல்லுங்க மாமா.”

“உங்களுக்கு ஏற்கெனவே வீட்டுக்காரர் யாரும் இருந்தாரா?”

நோட்டீஸ் போர்டு, மின்னஞ்சல், புதிய பதிப்பு என்று ஏதேதோ உளறினேன். “நாளைக்கி நேர்ல வாரோம்” என்று வைத்துவிட்டார். நிஜமாகவே பயந்துபோனேன். ஸ்டெல்லாவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபையார் முன்னால் நின்று, ஒவ்வொரு கமெண்டாக வாசித்து, “இது யாரோடது?” என்று கேட்டேன். மாமா ஸ்டெல்லாவோடு முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அத்தான் என்று வாசித்ததும் மேரி அக்கா எழுந்து, “அது நான்ய்யா. எம் பேர எங்க கொண்டுபோய்ப் போட்ட?” என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. தங்கத்துக்கும் அம்மா கிடைத்தாள். அழகான வாழ்த்து ஒன்றுக்கு மூன்று பேர் கை தூக்கினார்கள். பிரசங்கக் கமெண்டுக்கு மட்டும் ஆளே இல்லை. போதகர் ஐயா என்னையே பார்த்தார். வேறு வழியின்றி அது என் பெயரிலேயே நின்றது. ஸ்டெல்லா துப்பட்டாவால் வாயைப் பொத்திச் சிரிப்பதைப் பார்த்து மாமாவும் கைகளைப் பிரித்தார். கல்யாணம் பிழைத்தது.

கல்யாணத்தன்று ஐயா என்னைப் பார்த்தபடியே ஒன்றேகால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். முடிந்து வெளியே வரும்போது மாமா என் காதோரம் குனிந்தார்.

“மாப்பிள, அந்தப் பசிக் கமெண்டு நான் போட்டது. அந்தக் கல்யாணத்துக்கு நானும் வந்திருந்தேன். போர்டுல மின்னஞ்சலு இருந்துச்சு, அது உங்களுதுன்னு அப்பத் தெரியாது. வெளிய சொல்லிராதீங்க.”

சொல்லவில்லை. (எழுதுவது வேறு.) இன்றும் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் ஐயா என்னைப் பார்த்து, “தம்பிக்குப் பசிக்குதோ?” என்கிறார். சபையே சிரிக்கிறது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரிப்பவர் என் மாமனார்.