சண்டே மெஸ்ஸும் பாஷா பாயின் வயிறும்

தமிழ்நாட்டிலேயே அடுப்புப் பற்றவைக்காமல் ஒரு மேன்ஷன் முழுக்க ராத்திரிச் சாப்பாடு போட்ட மனிதர் ஒருவர்தான். தொண்ணூறுகளில் தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மேன்ஷனில் என் பக்கத்து அறையில் அவர் இருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் அவர் சண்டே மெஸ்.

மேன்ஷனில் குடியிருந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எப்பேர்ப்பட்ட ராத்திரி என்று தெரியும். மதியம் அப்பளம் பாயசத்தோடு இலை போட்டுவிட்டு மெஸ்காரர் கதவைச் சாத்தினால், மறுபடி திறப்பது திங்கட்கிழமை காலையில்தான். உறவுக்காரர்கள் வீடு உள்ளவர்கள், காதலி உள்ளவர்கள், கையில் காசு உள்ளவர்கள் எல்லாம் வெளியே போய்விடுவார்கள். இந்த மூன்றும் இல்லாத நாங்கள் பன்னும் வாழைப்பழமுமாக மொட்டைமாடியில் மல்லாந்து கிடப்போம். அப்போதுதான் சண்டே மெஸ் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு மேலே வருவார். பாயை விரித்துப் படுப்பார். கண்ணை மூடுவார். தொண்டையைச் செருமிக்கொண்டு சாப்பாடு சொல்ல ஆரம்பிப்பார்.

ஆமாம், சொல்லத்தான் செய்வார். நந்தனத்தில் ஓர் ஆபீசில் கணக்கு எழுதும் வேலை அவருக்கு. சாயங்காலம் நேராக அறைக்கு வராமல் லஸ்ஸுக்குப் போய், நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டுப் பெண்கள் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டு நிற்பார். எல்லாம் சமையல் பக்கங்கள். கடைக்காரர் விரட்டி விரட்டி அலுத்துப்போய், கடைசியில் உட்கார ஒரு முக்காலி கொடுத்துவிட்டார். அங்கே படித்ததெல்லாம் வாரக் கடைசியில் எங்கள் காதுக்கு வரும்.

“ஒரு ஏரி இருக்கு. ஏரிக்கரையில ஒரு கல்லு வீடு. வெளியில சாரல். உள்ள ஒரு அம்மா வாணலியில வெண்ணெயைப் போடறாங்க. வெண்ணெய்க்கு ஒரு அவசரமும் இல்ல. மெதுவா உருகுது…”

இந்த இடத்தில் கையிலிருக்கும் பன்னைக் கடிக்கவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு தடவை அவர் சூப் சொல்லி முடித்ததும் மூன்றாம் மாடிக்காரர் நிஜமாகவே ஏப்பம் விட்டார். சுத்த சைவக்காரர் ஒருவர் இருந்தார். “இதுல கறி எதுவும் சேரலையே சார்?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் காதைக் கொடுப்பார். சாப்பாடு முடிந்ததும் சிலர் எழுந்து போய்க் கை கழுவியதை நானே பார்த்திருக்கிறேன்.

பாஷா பாய்க்கு மட்டும் இந்தப் பந்தியில் இடமில்லை. அவர் பாண்டி பஜாரில் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். சைதாப்பேட்டையில் வீடு இருந்தது. வீட்டில் படுக்க இடமில்லாததால் எங்கள் மேன்ஷனில் ஒரு கட்டில் எடுத்திருந்தார். பால், தயிர், வெண்ணெய் எது உள்ளே போனாலும் அவர் வயிறு அன்றைக்கே பழிவாங்கிவிடும். பெருநாள் சேமியாப் பாயசத்தைக்கூட ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் மனிதர். ஞாயிறு மதியம் அம்மா இவருக்காகத் தயிர் சேர்க்காமல் செய்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி சண்டே மெஸ்ஸைக் கேட்க ஆசையாக வந்துவிடுவார். கதையில் வெண்ணெய் உருக ஆரம்பித்ததும் எழுந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்.

“வெறும் பேச்சுதானே பாய், வாங்க” என்று கூப்பிட்டால், “வேணாம் நைனா, அதுல பால் கீது” என்பார்.

அவருக்குச் சவுதியில் வேலை கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் ஃப்ளைட். அதற்கு எட்டு நாள் முன்னால், ஞாயிறு ராத்திரி மொட்டைமாடியில் அவர் நேராக சண்டே மெஸ் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணாத்தே, எனுக்கும் ஒரு தபா போடு. அந்தக் குழாய் குழாயா ஒண்ணு சொல்லுவியே, அது. ரோஸ் கலர்ல, கொழகொழன்னு, நல்லா காரமா. பால் மட்டும் கூடாது.”

“அதுக்கென்ன பாய், இப்பவே சொல்றேன்.”

“சொல்ல வேணாம். செய்யி.”

சண்டே மெஸ் கண்ணைத் திறந்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

“இன்னா அண்ணாத்தே, இப்டி முயிக்கிற? அங்க போயி நான் யாரைக் கேப்பேன்? ஒரே ஒரு தபா நெஜமாவே வாயில வெச்சுப் பாத்துட்டுப் போறேன்” என்றார் பாய்.

சண்டே மெஸ் “சரி” என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். “தம்பி, நான் வெந்நீர்கூட வெச்சதில்ல” என்றார்.

அந்த வாரம் முழுக்க மேன்ஷனில் இதே பேச்சு. பாயின் ஆசை நிறைவேற வேண்டும், அதே சமயம் வயிறு கெடக் கூடாது. கெட்டால் அவர் விமானத்தில் சீட்டில் உட்கார முடியாது. பழைய கட்டிங் மாஸ்டர் வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. சவுதி வேலையும் போனால் அவர் கதி என்ன ஆவது? “பாய், ஊருக்குப் போய்ட்டு லெட்டர் போடுங்க, இதெல்லாம் எதுக்கு?” என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை.

சனிக்கிழமை நானும் சண்டே மெஸ்ஸும் அடையாறில் வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் ஒரு கடையில் குழாய் பாஸ்தா வாங்கினோம். ஆலிவ் எண்ணெய் அந்தக் காலத்தில் மருந்துக் கடையில்தான், கையடக்க டப்பாவில் கிடைக்கும், பச்சைக் குழந்தைக்குத் தேய்த்து விட.

“குழந்தைக்கு எத்தனை மாசம் சார்?” என்று கடைக்காரர் கேட்டார்.

சண்டே மெஸ்ஸுக்குப் பொய் சொல்ல வராது. “முப்பது வயசாகுது. நாளன்னிக்கு சவுதி போறாரு” என்றார். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு டப்பாவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கவரில் சுற்றிக் கொடுத்தார்.

ஞாயிறு பொழுது சாய்ந்ததும் வாட்ச்மேன் வீட்டுப் பம்ப் ஸ்டவ் என் அறைக்கு வந்தது. அறையில் சமைக்கக் கூடாது என்று மேன்ஷனில் போர்டே உண்டு. அதன் மேல் துண்டைக் காயப்போட்டோம். வாட்ச்மேன் மனைவி ஊறவைத்த முந்திரியை அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்துக் கொடுத்தார். கட்டிலைக் காலி செய்துவிட்டு வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்த பாய், கடையிலிருந்து புது மல் துணி கொண்டுவந்து, துருவிய தேங்காயை அதில் கட்டிப் பால் பிழிந்தார். எல்லாம் தயார். சண்டே மெஸ் கரண்டியோடு ஸ்டவ் முன்னால் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

“தம்பி, அந்த ஏரிக்கரை அம்மாவை எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அவங்க கை எனக்கு வரமாட்டேங்குது” என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

பாய் எழுந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். தரையில் கோரைப்பாயை விரித்தார், தலையணையைத் தட்டிப் போட்டார். “நீ படு அண்ணாத்தே. கண்ண மூடிக்கோ. எப்பவும் போல சொல்லிக்கினு இரு. நாங்க பண்றோம்.”

சண்டே மெஸ் படுத்தார். கண்ணை மூடினார். பிறகு அவர் குரல் மெதுவாக வந்தது.

“ஒரு ஏரி இருக்கு… சாரல் விழுது…”

“சாரலை விடுங்கண்ணே, வாணலியில என்ன போடணும்?” என்றேன்.

“அந்த அம்மா வெண்ணெ…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். “இல்ல, அந்த அம்மா எண்ணெயைத்தான் எடுக்கறாங்க. பூண்டைப் பொடிசா நறுக்கிப் போடறாங்க. காஞ்ச மிளகாயைக் கிள்ளிப் போடறாங்க. கருகிடுமோன்னு அவங்களுக்குக் கவலை, அடுப்பைத் தணிக்கறாங்க.”

தணித்தோம். தக்காளி போட்டோம். வெந்த பாஸ்தாவை வடிக்க நான் பானையைச் சாய்த்தபோது, கண்ணைத் திறக்காமலேயே கையை உயர்த்தினார். “அந்தத் தண்ணியைக் கொட்டாதீங்க. அவங்க கொட்டல.” கஞ்சித் தண்ணீர், முந்திரி, தேங்காய்ப்பால் மூன்றும் வாணலியில் சேர்ந்ததும் எல்லாம் இளஞ்சிவப்பாகத் திரண்டு, சோம்பலாகக் கொப்பளிக்க ஆரம்பித்தது. அறையில் ஒரு வாசனை பரவியது. எனக்கு நிஜமாகவே ஜன்னலுக்கு வெளியே ஏரி இருப்பதுபோல் இருந்தது. எட்டிப் பார்த்தால் பஸ் டிப்போ.

“உப்பு எவ்வளவுண்ணே?”

“நான் சொல்ற சாப்பாட்டுல உப்பு எப்பவும் சரியாத்தான் இருக்கும் தம்பி. அளவு யாரும் கேட்டதில்ல.”

அந்த நேரம் பார்த்து மேன்ஷன் மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “யார்யா ரூமுக்குள்ள ஸ்டவ்…” என்றவர், சண்டே மெஸ் கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார். கொஞ்சம் கேட்டார். செருப்பைக் கழற்றினார். உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்த்து, “இன்னும் ஒரு சிட்டிகை போடு” என்றார். “அப்புறம் சார்? அந்த அம்மா என்ன பண்ணாங்க?” என்று கோரைப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் தட்டு பாஷா பாய்க்கு. வாசலில் பத்துப் பதினைந்து தலைகள். அவர் ஒரு வாய் வைத்தார், மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது.

“காரமா பாய்?”

“காரம்தான்” என்றார். இன்னொரு வாய் வைத்தார். “இத்ததான் இவ்ளோ நாளா அல்லாரும் துன்னுக்கினு இருந்தீங்களா?”

“நாங்களும் இன்னிக்குத்தான் பாய்” என்றேன்.

மறுநாள் விடியும்போதே சண்டே மெஸ் குளியலறைக்கு வெளியே வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். பாய் துண்டோடு உள்ளே போனார். சண்டே மெஸ் முகம் வெளிறிக்கிடந்தது. பாய் பல் தேய்த்துக் குளித்து, சீட்டியடித்தபடி வெளியே வந்தார்.

“ஒண்ணியும் ஆவல அண்ணாத்தே. எயுந்து ஆபீஸுக்குக் கெளம்பு” என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். சாயங்காலம் அவர் ஃப்ளைட் ஏறியதாகத் தகவல் வந்த பிறகுதான் சண்டே மெஸ் ஒரு டீ குடித்தார்.

அடுத்த ஞாயிறு. மொட்டைமாடி, பன், வாழைப்பழம். கட்டாயம் பழைய விருந்து உண்டு என்று எல்லோரும் ஆவலாகக் கிடந்தோம். ஏரி வந்தது, கல்லு வீடு வந்தது, அந்த அம்மா வாணலியை வைத்தார். எண்ணெய் ஊற்றினார். பிறகு தேங்காய்ப்பால் ஊற்றினார்.

“சார், வெண்ணெய் என்னாச்சு?” என்று மூன்றாம் மாடிக்காரர் இருட்டில் ஏமாற்றத்தோடு கேட்டார்.

சண்டே மெஸ் கண்ணைத் திறக்கவில்லை. “பாய் அங்க தனியா இருப்பாரு. அவருக்கும் ஆகிற மாதிரி இருக்கட்டும்” என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்த மேன்ஷனை விட்டுப் போகும்வரை, அவர் போட்ட எந்தச் சாப்பாட்டிலும் ஒரு சொட்டுப் பால் கிடையாது. யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.