மாமனார் வீட்டுக் கக்கூஸ்

குடல்வால் அறுத்த தழும்பை வேட்டியைத் தளர்த்தி, முன்பின் தெரியாதவர்களுக்குக்கூடக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே ஆட்களுக்குச் சீக்கு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பின்பக்கம் போய்விட்டால் வாய் அடைத்துவிடும். "வயித்துல சும்மா ஒரு இது" என்பார்கள். நானும் இந்த ஜாதிதான். என்னுடைய இந்தக் கூச்சத்தால் ஒரு குடும்பமே ஒரு நாள் முழுக்க அழுதது.

எழுபதுகளின் தொடக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சரசு மாசமாக இருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் வெளிக்குப் போகும்போது ரத்தம் வர ஆரம்பித்தது. முதலில் பழியைப் பச்சை மிளகாய் மேல் போட்டேன். மிளகாயை நிறுத்திய பிறகும் ரத்தம் நிற்கவில்லை. என் சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. குடலில் கட்டி என்றார்கள். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை. எனக்குப் பிறக்கப்போகும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பேனா என்று பயம் பிடித்துக்கொண்டது. வெட்டும்போது கவனம் தப்பி, ஒரு லாட் பனியன் முழுக்க இடது கை குட்டையாகப் போனது. (வாங்கிப் போட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.)

கோயமுத்தூர் டாக்டர், "பேரியம் எனிமா எடுத்துப் பாத்தரலாம்" என்றார். இப்போது குழாயில் கேமராவை வைத்து உள்ளே விட்டுப் பார்க்கிறார்களே, அது எங்கள் பக்கம் வராத காலம். சுண்ணாம்புக் கரைசல் போல ஒன்றைப் பின்வழியாக ஏற்றி எக்ஸ்ரே பிடிப்பார்கள். அதற்குக் குடல், கழுவிக் கவிழ்த்த பாத்திரமாக இருக்க வேண்டும். கழுவும் முறையைக் கம்பவுண்டர்தான் சொன்னார்.

"மொத நாள் பூராச் சோறு கூடாதுங்க. கஞ்சித் தண்ணி, பால் ஊத்தாத டீ, எளநீ, அவ்வளவுதான். மத்தியானத்துக்கு மேல வெளக்கெண்ணெய் குடிச்சுப் போடுங்க. குடிச்சதுக்கப்பறம் எங்கீமே போயறாதீங்க, பக்கத்துலயே இருந்துக்குங்க."

"எதுக்குப் பக்கத்துலங்க?"

"எண்ணெயே சொல்லுமுங்க."

அந்தப் பக்கம்தான் எனக்குப் பிரச்சினை. நாங்கள் இருந்தது லைன் வீடு. எட்டுக் குடித்தனத்துக்கு இரண்டு கக்கூஸ். காலையில் தகர டப்பாவோடு வரிசையில் நின்று, நூல் விலை பேசி முடித்த பிறகுதான் கதவு திறக்கும். விளக்கெண்ணெய் வரிசையில் நிற்குமா? யோசித்ததில், எனக்கென்றே ஒரு கக்கூஸ் இந்த உலகத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. அது திருப்பூருக்குப் பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில், மாமனார் வீட்டில் இருந்தது.

அந்தக் காலத்தில் அங்கே எல்லோரும் காட்டுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் மாமனார், டவுன் மாப்பிள்ளை காட்டுக்குப் போகமாட்டார் என்று கல்யாணத்துக்கு முன்பே ஒரு கக்கூஸ் கட்டி, கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். (டவுனில் மாப்பிள்ளைக்கு என்ன வசதி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) அதை வேறு யாரும் உபயோகித்ததில்லை. கோயமுத்தூர் போவதற்கு முதல் நாள் அங்கே தங்குவது, விடிந்ததும் திருப்பூர் வந்து ரயில் பிடிப்பது என்று திட்டம் போட்டேன். ரயிலிலும் கக்கூஸ் உண்டு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"உங்க ஊட்டுல யார்கிட்டயும் சொல்லாதே அம்மிணி. அத்தை அழுவாங்க. ஊரே ஆரஞ்சுப் பழத்தோட வந்து நிக்கும்," என்று சரசுவிடம் சத்தியம் வாங்கினேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

போய் இறங்கியபோது கக்கூஸுக்குள் பருத்திக்கொட்டை மூட்டைகள் அடுக்கியிருந்தன. "மாப்பிள்ளை வந்தாத்தானுங்க இது கக்கூஸு. இல்லாட்டி மாட்டுத் தீவனம் வெக்கற ரூமு," என்று சிரித்தபடி மாமா மூட்டைகளை இறக்கினார். அத்தை கோழியைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். அந்தக் குழம்பின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. இலை போட்டார்கள்.

"எனக்கு வேண்டாங்க அத்தை."

"ஏனுங்க மாப்பிள்ளே, மேலுக்குச் சொகமில்லீங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்கறேன். கொஞ்சம் கஞ்சித் தண்ணி மட்டும் குடுங்க."

அத்தையின் முகம் செத்துவிட்டது. எங்கள் பக்கத்தில், மாமனார் வீட்டில் மாப்பிள்ளை கை நனைக்கவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மனதில் குறை இருக்கிறது, கோபித்துக்கொண்டு வந்திருக்கிறான். கோழி அடித்த வீட்டில் கஞ்சித் தண்ணி கேட்பது, கோபத்திலும் உயர்ந்த ரகம். போதாக்குறைக்கு, கல்யாணத்தில் நான் எதுவுமே கேட்கவில்லை. கேட்காதவன் பின்னால் பெரிதாகக் கேட்பான் என்று ஊரில் அப்போதே பேச்சு. இதெல்லாம் எனக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அன்று என் நினைப்பெல்லாம் குடலிலேயே இருந்தது.

மாமா மகளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். சரசு சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவள், பேசாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் என்னை நினைத்து அழுகையும் வந்துவிட்டது. அவ்வளவுதான். மாசமாக இருக்கும் பெண்ணை மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகப்போகிறான் என்று வீடு முடிவு செய்தது. மாமா தன் அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். குடும்பத்தில் எந்த வழக்கானாலும் தீர்த்துவைப்பவர் அந்தப் பெரியப்பாதான். இது எதுவும் தெரியாமல் நான் வைக்கோல் போருக்குப் பின்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் குடித்துக்கொண்டிருந்தேன்.

விளக்கெண்ணெயைப் பற்றிப் புதிதாகக் குடிக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குடித்ததும் ஒன்றும் ஆகாது. ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூடத் தோன்றும். சட்டைக்குப் பொத்தான் போட்டுத் தலை சீவி, நாலு பெரிய மனிதர்களுக்கு முன்னால் போய் உட்காருகிற வரைக்கும் அது பொறுமையாகக் காத்திருக்கும்.

பொழுது சாயும்போது பெரியப்பாவும் சொந்தக்கார ஒறம்பரைகளும் வந்துவிட்டார்கள். காற்றாட இருக்கட்டும் என்று பின்பக்கம் மாடு கட்டும் இடத்தருகே, சரியாகக் கக்கூஸுக்குப் போகும் வழியில் கட்டில்களைப் போட்டு உட்கார்ந்தார்கள். என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளே, மனசுல என்ன இருந்தாலும் வெளிய உட்டுருங்க. உள்ளயே வெச்சுக்கிட்டா அது நல்லதில்லீங்க."

எப்படித் தெரிந்தது இவருக்கு என்று திகைத்துப் போனேன். அந்த நொடியில் வயிற்றுக்குள் சைரன் ஊதியது. பதில் சொல்லாமல் எழுந்து பச்சைக் கதவுக்குள் பாய்ந்தேன்.

திரும்பி வந்தபோது மாமா, "ரேடியோ ஒண்ணு வாங்கித் தந்தர்றனுங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. "எதுக்குங்க மாமா?" என்று கேட்பதற்குள் அடுத்த சைரன். எழுந்து ஓடினேன்.

"ரேடியோ பத்தலீங்களாட்ட இருக்குது," என்று பெரியப்பா சொன்னது கதவுக்கு உள்ளேயே கேட்டது.

அடுத்த முறை வந்து உட்கார்ந்ததும் பேச்சில் ஸ்கூட்டர் வந்தது. "பதிஞ்சு வெச்சா வர்றதுக்கு வருசக்கணக்காகுமுங்க. ஆனா வாங்கிக் குடுத்தர்றனுங்க," என்றார் மாமா. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க" என்று வாயெடுத்தேன். மேற்கொண்டு பேச வயிறு விடவில்லை. மூன்றாவது முறையும் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போன மாப்பிள்ளை, எங்கள் வட்டாரத்தில் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இந்தத் தடவை திரும்பியபோது மாமா கட்டில் அருகே நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. மாடு கட்டியிருந்த பக்கம் ஒரு முறை பார்த்தார். அங்கே மயிலைப் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவர் கன்றிலிருந்து கையால் வளர்த்த மாடு. சந்தையில் யார் எவ்வளவு சொல்லியும் கொடுக்காதது.

"மயிலையப் புடிச்சுட்டுப் போங்க மாப்பிள்ளே. எம்புள்ளைய மட்டும் உட்டுட்டுப் போயறாதீங்க."

சொல்லிவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உழுகிற கை. நானும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. சைரன் ஊத ஆரம்பித்தது. மரியாதை, கூச்சம், சத்தியம் எல்லாம் ஒரே நேரத்தில் என்னைக் கைவிட்டன.

"மாமா, வெளக்கெண்ணெய் குடிச்சிருக்கறனுங்க! நாளைக்குப் பின்பக்கமா எனிமா குடுத்துப் படம் புடிக்கறாங்க! ரத்தமாப் போகுதுங்க! கையை உடுங்க!"

மாமா கையை விட்டார். நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

வெளியே வர எனக்குத் தைரியம் இல்லை. வந்தபோது மாமா கதவருகிலேயே சொம்பில் தண்ணீரோடு நின்றிருந்தார். "மாட்டுக்குச் சீக்குன்னா நாலு ஊருக்குச் சொல்றமுங்க. உங்களுக்குன்னா எங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்களா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். சித்தப்பா செத்தது, குழந்தை முகத்தைப் பார்க்கமாட்டேனோ என்று பயப்படுவது, எல்லாவற்றையும் அந்தப் பச்சைக் கதவில் சாய்ந்தபடி சொன்னேன். பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். பெரியப்பா தனக்குப் பல வருடமாக மூலம் இருப்பதை அறிவித்தார். இன்னொருவர் தன் மலச்சிக்கலை எடுத்தார். எல்லோரும் இதற்காகவே காத்திருந்தவர்கள் போல ஆளுக்கொன்றாகச் சொல்ல, நான் நடுநடுவே விடைபெற்றுப் போய் வந்துகொண்டிருந்தேன்.

விடிந்ததும் என்னோடு குடும்பமே கோயமுத்தூருக்குக் கிளம்பியது. ரயிலில் பெரியப்பா கக்கூஸ் வாசலில் நின்று, "உள்ள எங்க மாப்பிள்ளை இருக்காருங்க, அக்கட்டப் போங்க" என்று பெட்டிக்கே அறிவித்தார். ஆஸ்பத்திரியில் எனிமா கொடுத்தார்கள். வெள்ளை மருந்தை ஏற்றி, மேசையோடு என்னைப் புரட்டிப் புரட்டிப் படம் எடுத்தார்கள். சங்கடமாக இருந்ததே தவிர வலி இல்லை. முந்தின சாயங்காலத்தோடு ஒப்பிட்டால் அது ஓய்வு.

படத்தைப் பார்த்த டாக்டர், கட்டி எதுவும் இல்லை, உள்மூலம்தான் என்றார். சரசு என் தோளில் சாய்ந்துகொண்டாள். மாமா டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இனிச் சாப்புடலாங்களா?" அத்தை தூக்குப்போசியைத் திறந்தார்கள். விடியுமுன் எழுந்து இரண்டாவது கோழியை அடித்திருந்தார்கள்.

மயிலையை நான் வாங்கமாட்டேன் என்றதை மாமா ஒப்புக்கொள்ளவில்லை. நாலு பேருக்கு முன்னால் சொன்ன சொல்லாம். "மாடு உங்களுதுங்க. தீனி மட்டும் நான் போட்டுக்கறேன்," என்று தன்னிடமே வைத்துக்கொண்டு, என் மகள் பிறந்ததிலிருந்து தினமும் பால் அனுப்பினார். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் எந்த விருந்தில் எதை வேண்டாம் என்றாலும், பரிமாறுகிறவர் கரண்டியை நிறுத்திவிட்டு, "மாடு எதாச்சும் வேணுங்களா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு ஏன் என்று தெரியாது.

போன வருடம் எனக்கு நிஜமாகவே கேமரா வைத்துப் பார்த்தார்கள். விளக்கெண்ணெய் இல்லை, பவுடர் கரைத்த தண்ணீர் லிட்டர் கணக்கில். அறையோடு சேர்ந்த கக்கூஸ், வரிசை கிடையாது. பயம் மட்டும் அதேதான், மாமாவும் இல்லை. பவுடர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கட்டிலில் சுருண்டு கிடந்தேன். மகள் சாப்பிட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்கப்பா, காலைல இருந்து ஒண்ணுமே சாப்புடல. மாடு வேணுங்களா?"

சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. உடனே எழுந்து ஓட வேண்டியதாகிவிட்டது.