பெட்டியைக் கழற்றிவிட்டேன், வந்து எடுத்துச் செல்லவும்

என் உடன்பிறந்த தம்பியின் ஒரே புதல்வனும், முதியோர் பாதுகாப்புக் கருவி நிறுவனத்தின் நிறுவனரும், நேற்று முதல் என் தொலைபேசி அழைப்பை எடுக்காதவனுமாகிய மருமகனுக்கு அத்தை எழுதிக்கொள்வது.

நலம் என்று தொடங்குவதே முறை. இடது கணுக்கால் நீங்கலாக நான் நலம். நீயும் உன் நிறுவனத்தாரும் நலமென நம்புகிறேன். உன் மெத்தையின் நலத்தை மட்டும் நான் விசாரிக்க வேண்டியதில்லை. அது இன்னும் என் கூடத்தில்தான் கிடக்கிறது. தேநீர்க் கறை போகாது.

தொலைபேசியில் சொன்னால் "சரிங்க அத்தை, சரிங்க அத்தை" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை மடித்து வைத்தாலும் அது மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் பள்ளியைப் பாதியில் விட்டவள். அதன்பின் கற்றதெல்லாம் நூலகத்திலும் அகராதியிலுமாக நானே கற்றது. இந்த அடுக்குமாடியில் தண்ணீர் வராவிட்டாலும், லிஃப்ட் இரு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டாலும், விண்ணப்பம் எழுத என் கதவைத்தான் தட்டுவார்கள். என் விண்ணப்பத்துக்குப் பதில் எழுதாத அதிகாரி இன்னும் பிறக்கவில்லை. அந்தப் பெருமையை நீ முதலில் அடைய வேண்டாம்.

முதலில் நன்றிக்குரியதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் மாமா மறைந்தபின், இனி நான் தனியே இருக்கலாகாது, தன் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட வேண்டும் என்று என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அவ்வேளையில் நீ ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்தாய். "இது அரசாங்கத் திட்டம் அத்தை. பொதுநிதி. உங்களுக்கு ஒரு செலவும் இல்ல. கேமராவும் கிடையாது, ரேடியோ அலையை வச்சே கண்டுபிடிச்சிடும். நீங்க விழுந்தா அதுக்குத் தெரியும், அதுக்குத் தெரிஞ்சா எங்களுக்குத் தெரியும்" என்றாய். என் மகளின் கைபேசியில் ஒரு புள்ளியையும் வைத்துக் கொடுத்தாய்: நான் நலமெனில் பச்சை, விழுந்தால் சிவப்பு. அவள் அதைப் பார்த்துவிட்டு, "சரி, இது பச்சையா இருக்கிற வரைக்கும் நீ அங்கயே இரும்மா" என்று இறங்கி வந்தாள். ஆக, என் வீடு என் வீடாகவே இருந்தது. அதற்காக நான் உனக்கு என்றும் கடமைப்பட்டவள். இனிக் குறைகளுக்கு வருகிறேன்.

தரையில் குப்புறப் படுத்து, தலையணைமேல் அகராதியை விரித்துவைத்துப் படிப்பது என் வழக்கம் என்பதை நம் குடும்பம் முழுதும் அறியும், பெட்டி அறியாது. வந்த புதிதில் நான் படுத்துப் பக்கத்தைப் புரட்டியதுமே "நீங்கள் விழுந்துவிட்டீர்கள், அசையாதீர்கள், உதவி வருகிறது" என்று அது கூவியது, நான் விழவில்லை என்று தக்க மரியாதையோடு எடுத்துரைத்தேன், அது மறுபடியும் அசையாதீர்கள் என்றது, நான் எழுந்து கதவைத் திறந்ததுமே ஆம்புலன்ஸ்காரர் இருவர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்துவிட்டார்கள். "எங்கம்மா அடிபட்டுச்சு?" என்றார் ஒருவர். "அடி எதுவும் படவில்லை, யான் வாசிப்பில் ஆழ்ந்திருந்தேன்" என்றேன். அவர் மற்றவரிடம் திரும்பி, "தலையில அடிபட்டா இப்படித்தான் பேசுவாங்க, தூக்கு" என்றார். நல்லவேளையாக எதிர்வீட்டுக் கார்டு ஐயா, ரயிலுக்குக் கொடி காட்டி ஓய்வுபெற்றவர், சத்தம் கேட்டு ஓடிவந்து, "விடுங்கப்பா, இந்தம்மா எப்பவுமே இப்படித்தான் பேசுவாங்க" என்று சாட்சி சொன்னார். அச்சாட்சியத்தின் பேரில் விடுவிக்கப்பட்டேன்.

இவ்வாறு நான் படிக்கும்போதெல்லாம் நடந்தது. நீ வருந்துவாய் என்று எண்ணினேன்; நீயோ பூரித்துப் போனாய். நிதி கொடுத்தவர்களுக்கு நீ அனுப்பிய அறிக்கையை எனக்குப் பிழை பார்க்கக் கொடுத்தாயே, அதில் என் வாசிப்பு அனைத்தும் "உரிய நேரத்தில் கண்டறியப்பட்ட விழுதல்கள்" என்ற தலைப்பின்கீழ் இருந்தன. அதன்படி இந்த நாட்டிலேயே ஓயாமல் விழுகிற பெண்மணி நான்தான். நான் படிக்கப் படிக்க உனக்கு நிதி வந்தது. அகராதியை நான் இன்னும் ஊன்றிப் படித்திருந்தால் நீ மாடி கட்டியிருப்பாய்.

பிறகு நான் அதட்டியதால் உன் பொறியாளர்கள் வந்து, என்னைப் பலவாறு படுக்கச் சொல்லி, பெட்டிக்குப் பாடம் நடத்தினார்கள். அது கற்றுக்கொண்டது. கூடத்தில் நான் தரையில் சாய்ந்தால் போதும், மேசை விளக்கு தானே பளிச்சென்று எரியும், பெட்டி தணிந்த குரலில் "இனிய வாசிப்பு அமையட்டும்" என்று சொல்லும். உண்மையை மறைப்பானேன், எனக்கு அது பிடித்திருந்தது. உன் மாமாகூட என் வாசிப்பை அப்படி வாழ்த்தியதில்லை.

அதற்குள் பொதுநிதி முடிந்தது. நீ ஸ்டிக்கர் கட்டோடு வந்து, பெட்டியின் நெற்றியில் "பொதுநிதியில் உருவாக்கப்பட்டது" என்றிருந்த இடத்தின்மேல் உன் நிறுவனத்தின் பெயரை ஒட்டினாய். "இனிமே சொந்தக்கால்ல நிக்கணும் அத்தை. இதை நிலைச்ச தொழிலா மாத்தணும்" என்றாய். நிற்கட்டும், மகிழ்ச்சி. ஆனால் அடிப்படை, நிம்மதி, முழு நிம்மதி என்று மூன்று திட்டங்களை விளக்கினாயே, அதை நான் மறக்க முயன்றும் முடியவில்லை. அடிப்படைத் திட்டத்தில் நாம் விழுந்தது பெட்டிக்குத் தெரியும். ஆனால் அது தன் மனத்தோடு வைத்துக்கொள்ளும். நிம்மதித் திட்டத்தில் அலுவலக நேரத்தில் மட்டும் பிறருக்குச் சொல்லும். எப்போது விழுந்தாலும் சொல்ல வேண்டுமெனில் முழு நிம்மதி. "அலுவலகம் மூடியபின் விழுபவர் என்ன செய்வார்?" என்று கேட்டேன். "முழு நிம்மதிக்கு மாறிக்கலாம் அத்தை." "எங்கிருந்தப்பா, தரையிலிருந்தா?" "ஆமா அத்தை, ஒரே ஒரு பட்டன்தான்" என்றாய், சிரிக்காமல்.

மருமகனே, நான் வாங்கிய ஒவ்வொரு சோப்புக்கட்டியிலும் வரி கொடுத்தவள். அவ்வரியில் நீ பெட்டி செய்தாய், என் சுவரில் ஆணி அடித்தாய், என்னைப் படுக்கவைத்து அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாய், இப்போது எனக்கே அதை விற்க வந்திருக்கிறாய். இதைக் குறித்து அகராதியில் ஒரு சொல் உண்டு. நீ என் தம்பி மகன் என்பதால் எழுதாமல் விடுகிறேன்.

நேற்றுக் காலைக்கு வருகிறேன். முதலீட்டாளரை அழைத்து வருவதாகச் சொன்னாயே தவிர, மெத்தையையும் அழைத்து வருவாய் என்று சொல்லவில்லை. அவர் உன் மாமாவின் நாற்காலியில் கேளாமலே உட்கார்ந்தார். நீ மெத்தையைக் கூடத்தின் நடுவே விரித்து, "அத்தை, லேசா ஒரு தரம் விழுந்து காட்டுங்களேன், சார் பார்க்கட்டும்" என்றாய். பிறர் கேட்டுக்கொண்டதன் பேரில் விழும் வழக்கம் எனக்கில்லை என்று சொல்லி, தேநீர் போட அடுப்படிக்குச் சென்றுவிட்டேன். வேறு வழியின்றி நீயே விழுந்தாய். மெத்தைமேல் பொத்தென்ற சத்தமும், தொடர்ந்து "இனிய வாசிப்பு அமையட்டும்" என்ற குரலும் எனக்கு அடுப்படி வரை கேட்டன. பாவம், பிள்ளை மாட்டிக்கொண்டதே என்று பதறி, தட்டும் கோப்பைகளுமாக நான் ஓடிவர, மெத்தையின் ஓரம் காலைத் தட்டிவிட, கோப்பை ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக நிஜமாகவே விழுந்தேன். கணுக்காலில் சுரீரென்றது. தேநீர் முழங்கை வரை ஓடியது. மேசை விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெட்டி எனக்கும் இனிய வாசிப்பை வாழ்த்தியது.

முதலீட்டாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார், என்னைத் தூக்குவதற்கன்று. "அட! விளக்கு தானா எரியுதே! வாசிப்பு வசதியா இது? சந்தையில யாருகிட்டயும் இல்லையே!" என்றார். நீ தரையில் கிடந்த என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஆமா சார், இது நம்ம சிறப்பம்சம்" என்றாயே, அந்த ஒரு வாக்கியத்தை நான் என் ஆயுளில் மறக்கமாட்டேன்.

இதற்கிடையே கதவு திறந்தது. பாதி முகத்தில் சவர நுரையோடு கார்டு ஐயா, கையில் என் மாற்றுச்சாவி. "என்னம்மா, தடம் புரண்டுட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தூக்கி உட்காரவைத்தார். "இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் முதலீட்டாளர். "சத்தம் கேட்டுச்சு சார்." "எவ்வளவு நேரத்துல வந்தீங்க?" "ரேசரைக் கீழ வச்ச நேரம்தான்." முதலீட்டாளர் சற்று யோசித்து, "நல்ல சேவைதான். ஆனா இவரை ஆயிரம் வீட்டுக்கு விரிவாக்க முடியாதே" என்றார். உடனே நீ, "திட்டத்துக்குள்ள கொண்டுவந்துடலாம் சார். ‘அண்மை மீட்பாளர்’னு பேர் வைப்போம். சம்பளமும் தேவைப்படாது, ஏற்கெனவே செஞ்சிட்டுதானே இருக்கார்" என்றாய். சொல்லிவிட்டு அவரை வழியனுப்ப லிஃப்ட் வரை சென்றவன் சென்றவன்தான். என் கணுக்காலுக்கு ஐஸ் வைத்தது உன் அண்மை மீட்பாளர். மிச்சச் சவரத்தை அதன்பிறகே முடித்தார்.

ஆகவே, தீர ஆலோசித்து எடுத்த முடிவைத் தெரிவித்துக்கொள்கிறேன். இன்று காலை கார்டு ஐயா தம் ஸ்க்ரூடிரைவரால் பெட்டியைக் கழற்றிவிட்டார். அது உன் மாமாவின் பழைய துண்டில் சுற்றப்பட்டுச் செருப்பு அலமாரியின்மேல் இருக்கிறது. வந்து எடுத்துச் செல்லவும். உன் ஸ்டிக்கரை உரித்து, அடியிலுள்ள பொதுநிதி வாசகத்தை நான் வெளிக்கொணர்ந்துவிட்டேன். அதை மறுபடி மூடாதே. அடிப்படைத் திட்டம் என்பதை அடியோடு நீக்கு. தெரிந்தும் சொல்லாதவர் நம் உறவினரிலேயே போதுமான அளவு இருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, இனி எந்தத் திட்டத்திலும் எந்த நிம்மதியும் எனக்கு வேண்டாம். இது இறுதி முடிவு, மறுபரிசீலனைக்கு இடமில்லை.

பிறரை விழவைக்காமல் நீ எழுந்து நிற்கவும், உன் தொழில் வேர்விடவும், என் அழைப்பை நீ எடுக்காதபோதெல்லாம் உன் அழைப்பையும் யாரும் எடுக்காமலிருக்கவும் ஆசீர்வதிக்கிறேன். உன் அப்பாவைக் கட்டிலின் ஓரத்தில் படுக்கவேண்டாமென்று நான் சொன்னதாகச் சொல். உன் அம்மாவுக்கு என் அன்பு.

இங்ஙனம்,
எவ்விதக் கருவியின் துணையுமின்றி நிற்கும்
உன் அத்தை.

பின்குறிப்பு: மேற்கண்ட யாவும் ரத்து. உறையை ஒட்டுவதற்குள் என் மகள் அழைத்துவிட்டாள். "என்னம்மா, புள்ளியைக் காணோம்? சாம்பல் கலரா இருக்கு, விழுந்துட்டியா?" என்றாள். நேற்று முழுதும், அதாவது நான் தேநீருக்கு நடுவே கிடந்தபோதும், அந்தப் புள்ளி பச்சையாகவே இருந்ததாம். இன்று நாற்காலியில் சௌக்கியமாக உட்கார்ந்து கடிதம் எழுதுகையில் சாம்பலாகிவிட்டதாம். "விழவே இல்லடி" என்றேன். "போதும்மா தனியா இருந்தது. ஞாயித்துக்கிழமை காரோட வரேன். துணிமணி மட்டும் எடுத்து வை. அந்த அகராதியெல்லாம் வேணாம், இங்க போன்லயே பார்த்துக்கலாம்" என்றாள். அவள் வீட்டுப் பின்னறையை நீ பார்த்திருக்கிறாய்: இஸ்திரி மேசை, ஓட்டாத உடற்பயிற்சி சைக்கிள், திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் தெரிகிற ஜன்னல். அப்பா, கார்டு ஐயா பெட்டியை மறுபடி மாட்டிவிட்டார், ஆனா அதன் விளக்கு எரியமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஆளை அனுப்பு, இல்லாவிட்டால் நீயே ஓடி வா. நான் விழுந்தால் அது கண்டுபிடிக்க வேண்டாம், அதற்குக் கார்டு ஐயா இருக்கிறார். புள்ளி பச்சையாக எரிந்தால் போதும். பொதுநிதி போனால் யார் பணம் கட்டுவார் என்று தலையைப் பிய்த்துக்கொண்டாயே, விழுகிறவளிடம் ஏன் விற்கிறாய்? பயப்படுகிறவளிடம் விற்றுக்கொள். என் மகளை முழு நிம்மதித் திட்டத்தில் ஆயுள் சந்தாவாகச் சேர்த்துவிடு, மறுக்கமாட்டாள். ஸ்டிக்கரையும் நானே திரும்ப ஒட்டிவிட்டேன். வரும்போது மெத்தையை எடுத்துக்கொண்டு போ. கணுக்கால் விஷயம் மட்டும் அவள் காதுக்குப் போகக் கூடாது. பெட்டி வாய் திறக்காது என்று எனக்குத் தெரியும். உன்னை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.